முடியிழந்த மன்னரும் முடியாத பாட்டும்

ஒரு பாட்டுக்குப் பரிசாகக் கிடைத்த நாடு எமது நாடு என்று முன்னோர் கதை சொல்வர். கண்பார்வையற்ற பாணன் ஒருவன் சோழ நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, ஈழத்து அரசன் ஒருவன் முன்னிலையில் யாழ் மீட்டிப் பாடினானாம். பாட்டைக் கேட்டு மனமுருகிய மன்னன், மணற்றி என்றும் மணற்றிடர் என்றும் வழங்கிய இவ்வடகரை நிலத்தை அவனுக்குப் பரிசிலாக ஈந்தானாம். யாழ்ப்பாணன் பெற்ற நாடு யாழ்ப்பாணம் ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இக்கதை இடம்பெற்றிருக்கிறது.

வரலாற்றாசிரியர்கள் இக்கதையை அப்படியே ஏற்கமாட்டார்கள். அஃதொருபுறமிருக்க, ஒரு நாட்டு மக்கள் தம் பெயருக்குக் காரணமாக எந்தக் கதையைத் தெரிந்தெடுத்தார்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும். வாளால் வென்ற மண் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. பாட்டாற் பெற்ற மண் என்றே சொல்லிக்கொண்டார்கள். பரிசில் கொடுத்த அரசனின் பெயரைப் பலரும் மறந்துவிட்டனர். பாடியவனின் பெயரே நாட்டின் பெயராய் நிலைத்துவிட்டது.

இந்த எண்ணத்தை எமக்குள்ளே கிளறிவிட்டவள் ஒரு சிறுமி. எமது தமையனாரின் மகள். பத்தாம் வகுப்பிற் படிக்கிறாள். பாடசாலைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்காக அவளும் தோழியரும் அரிச்சந்திர மயான காண்டத்தில் ஒரு பகுதியை இசை நாடகமாக நடிக்கப் பழகிக்கொண்டிருந்தனர். சந்திரமதி வேடம் அவளுக்கு. கைத்தொலைபேசியிற் பதிந்துவைத்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, சுருதி பிசகாமற் பாடவும் பழகிவிட்டாள். ஒருநாள் மாலை, பாட்டை இடையிலே நிறுத்திவிட்டு எம்மை நோக்கினாள்.

“சித்தப்பா, அரிச்சந்திரன் நாட்டைக் குடுத்திட்டுச் சுடலை காத்தவர். தருமர் சூதிலை தோத்தவர். சங்கிலியன் போர்த்துக்கேயரிட்டைத் தோத்தவர். எங்கடை சனம் ஏன் தோத்த ராசாக்களையே பாடுதுகள்? வெண்ட ராசாவுக்கு ஒரு பாட்டும் இல்லையோ?”

நாம் சட்டென்று விடை சொல்ல மாட்டாது விழித்தோம். புத்தகத்திற் தேடிச் சொல்லக்கூடிய விடையாகவும் அது தோன்றவில்லை. “ஞாயிற்றுக்கிழமை புறப்படுவோம். ராசாக்கள் இருந்த இடங்களையும் பாட்டுகள் இருந்த இடங்களையும் பார்த்துவிட்டு வருவோம்” என்றோம். ஏழாம் வகுப்பிற் படிக்கும் அவளுடைய தம்பியும் தானும் வருவதாக அடம்பிடித்தான். இவ்வாறு எமது ஒருநாட் பயணம் ஆரம்பமாயிற்று.

அப்பொழுது ஆவணி மாதம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் 25 நாள் மகோற்சவம் நடந்துகொண்டிருந்தது. சனம் நெருங்குமுன் சென்றுவிட வேண்டுமென்று விடியற்காலையிலேயே புறப்பட்டோம். வீதியெங்கும் பரவியிருந்த வெண்மணல் இரவுப் பனியில் நனைந்து காலுக்குக் குளிர்ச்சியாயிருந்தது. ஆடவர் மேலங்கி களைந்தே உள்ளே செல்லவேண்டும் என்பது அக்கோயிலின் முறை. நாமும் மகனும் அவ்வாறே சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தோம்.

பூசையின்போது மணியோசை ஓய்ந்ததும் கட்டியம் கூறப்பட்டது. பிள்ளைகளை அருகழைத்து, காது கொடுத்துக் கேட்கச் சொன்னோம். கட்டியம் என்பது அரச சபைக்கு உரியது. அரசன் கொலுவீற்றிருக்க எழுந்தருளும்போது அவன் பெயரையும் குலத்தையும் கீர்த்தியையும் உரத்த குரலிற் சொல்லி, சபையோரை விழிப்புறச் செய்வது கட்டியகாரனின் தொழில். நல்லூரில் இன்று அரசனுமில்லை, சபையுமில்லை. கட்டியம் மாத்திரம் இருக்கிறது. வடமொழியில் அமைந்த அக்கட்டியத்திலே, கோயிலை அமைத்தவராக ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது.

இப்புவனேகபாகு யார்? யாழ்ப்பாணத்து முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் மந்திரியார் என்பது வைபவமாலை வழிவந்த மரபு. வரலாற்று அறிஞர் பலரின் கருத்து வேறு. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனாய், 1450ஆம் ஆண்டளவில் படையோடு வந்து யாழ்ப்பாணத்தை வென்று, ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் இங்கிருந்து ஆண்டு, பின்னர் புவனேகபாகு என்னும் பெயருடன் கோட்டையில் முடிசூடிய செண்பகப் பெருமாளே அவர் என்பர். அதே செண்பகப் பெருமாளைப் பற்றிச் சிங்கள மொழியிலே கோகில சந்தேசய என்றொரு குயில்விடு தூது உண்டு. இலங்கையின் தென்கோடியிலுள்ள தெவிநுவரையிலிருந்து ஒரு குயில் வடக்கு நோக்கிப் பறந்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் இளவரசனிடம் செய்தி கொண்டுவருவதாக அந்நூல் அமைந்துள்ளது.

இதனைக் கேட்ட மகள், “அப்ப வெண்ட ராசாவுக்கும் பாட்டிருக்குத்தானே, சித்தப்பா!” என்றாள்.

இருக்கிறது. கோயிலுக்குள்ளே கட்டியமாக இருக்கிறது. தென்னாட்டு ஏட்டிலே தூதுநூலாக இருக்கிறது. ஆனால் வயலிலே நாற்று நடுபவளும், தோணி தள்ளுபவனும், பிள்ளையைத் தாலாட்டுபவளும் அதனைப் பாடினார்கள் என்று நாம் கேள்விப்பட்டதில்லை. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு அவளுக்குச் சொல்லி, கோயிலினின்றும் வெளியே வந்தோம்.

இப்போதுள்ள கோயில், பழைய அரசர் காலத்துக் கோயில் அன்று. அக்கோயிலை 1621ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேறா இடிப்பித்தான். ஒல்லாந்தர் காலத்திலே, 18ஆம் நூற்றாண்டில், இரகுநாத மாப்பாண முதலியார் இப்போதைய இடத்திற் கோயிலைத் தாபித்தார். பழைய கோயிலும் அரண்மனையும் இருந்த சூழல் முத்திரைச் சந்திப் பக்கமாகும். அங்கே சென்றோம்.

யமுனா ஏரி என்னும் கேணி அங்கே உண்டு. பகர எழுத்தின் வடிவில் வெட்டப்பட்டது. யமுனை நதியின் நீரைக் காவடிகளில் எடுப்பித்து வந்து இதில் ஊற்றினார்கள் என்பது கதை. படியில் நின்று பார்த்தால் பாசி படர்ந்த நீர் அசையாது கிடக்கிறது. சற்றுத் தூரத்திலே சங்கிலித்தோப்பு வளைவு தனியே நிற்கிறது. வாயில் இருக்கிறது, வாயிலுக்கு அப்பால் மாளிகை இல்லை. மந்திரிமனை என்று வழங்கும் கட்டடமும் சிதைந்திருக்கிறது. அதன் இன்றைய தோற்றம் பிற்காலத்தது என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அரசர் பெயரால் எமக்கு எஞ்சிய கல்லும் சுண்ணாம்பும் இவ்வளவே.

முத்திரைச் சந்தியிலே சங்கிலி மன்னனுக்கு 1974ஆம் ஆண்டு ஒரு சிலை வைத்தார்கள். 2011இல் அது புதிதாக அமைக்கப்பட்டது. வாளேந்திய அச்சிலையை மகன் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சங்கிலி என்னும் பெயர் கொண்டோர் இருவர் என்பதை அவனுக்கு விளக்கினோம். முதலாமவன் 16ஆம் நூற்றாண்டிலே, 1519 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஆண்டவன், போர்த்துக்கேயரை எதிர்த்தவன், 1544இல் மன்னாரிலே மதம் மாறிய தன் குடிகள் பலரைக் கொல்வித்த கொடுமையும் அவனுக்கு உரியது. இரண்டாமவன் சங்கிலி குமாரன். யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன். 1619இல் தோற்றுப் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1623இல் அங்கே மரணதண்டனை பெற்றான். மக்களின் ஞாபகம் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. முன்னவனின் வீரத்தையும் பின்னவனின் துயரத்தையும் சேர்த்து ஒரே சங்கிலியனாகக் கூத்திலும் நாடகத்திலும் பாடினார்கள். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும் சங்கிலி என்னும் பெயரிலேயே ஒரு வரலாற்று நாடகம் எழுதினார்.

வென்றவனாகிய ஒலிவேறாவைப் பற்றி எந்தத் திண்ணையிலும் எந்தப் பாட்டையும் நாம் கேட்டதில்லை.

நல்லூரிலிருந்து பருத்தித்துறை வீதியாற் கோப்பாயைக் கடந்து நீர்வேலியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. செம்மண் தோட்டங்களில் வாழைகள் குலை தாங்காமல் முட்டுக்கால் ஊன்றி நின்றன. சந்தையில் ஒரு சீப்புக் கதலி வாங்கிக்கொண்டு அரசகேசரிப் பிள்ளையார் கோயிலுக்குச் சென்றோம். அரசகேசரி என்பவர் நல்லூர் அரச குடும்பத்துப் புலவர். காளிதாசரின் இரகுவமிசத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கியவர். அவர் பெயராலேயே அக்கோயில் வழங்குகிறது.

இரகுவமிசமோ சூரிய குலத்து வேந்தர் பரம்பரையைப் பாடும் நூல். அதிலே வென்ற அரசர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அதன் நடை பண்டிதரும் திணறும் நடை. இக்காலத்தார் அதனைப் படிக்க வேண்டுமாயின் உரை வேண்டும் என்று கண்டு, அருகிலுள்ள புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த வித்துவசிரோமணி கணேசையர் (1878–1958) அதன் ஒரு பகுதிக்கு உரை வகுத்தார். ஓர் அரசகுமாரர் பாடிய அரசர் கதை, ஒரு பேரறிஞரின் உரையின் துணையோடே எம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அஃது எமது பெருஞ்செல்வம், அதில் ஐயமில்லை. எனினும் அதிலிருந்து ஒரு பாட்டையாவது தோட்டத்துக்கு நீர் இறைப்பவர் பாடிக் கேட்டோமா என்றால், இல்லை.

கோயில் மரநிழலிற் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். உண்ணும்போது பிள்ளைகளுக்குக் கூத்தைப் பற்றிச் சொன்னோம்.

காலையில் நல்லூரிற் கேட்ட கட்டியம் கூத்துக் களரியிலும் உண்டு. மத்தளம் முழங்க முதலில் வருபவன் கட்டியகாரன். ‘ராசா வருகிறார், பராக்கு’ என்று அவன் சபைக்கு அறிவிப்பான். பின்பு கடதாசியும் கண்ணாடித் துண்டும் ஒட்டிய முடியைச் சூடிக்கொண்டு அரசன் கொலுவுக்கு வருவான். பகலிலே மண்வெட்டி பிடிப்பவனும் வலை இழுப்பவனுமே இரவிலே அந்த முடியைச் சூடுபவர்கள். அரசு போன நாட்டிலே ஒவ்வொரு கிராமமும் ஆண்டுக்கு ஓரிரவு தனக்கொரு அரசனை முடிசூட்டிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

வட்டுக்கோட்டையில் தருமபுத்திரன் நாடகம் ஆடப்பட்டு வந்தது. கத்தோலிக்கக் கரையோர ஊர்களிலே குழந்தை யேசுவைத் தேடிச் சென்ற மூவிராசர் கதை கூத்தாயிற்று. அவர்களும் முடியைக் கழற்றி மாட்டுத் தொழுவத்தில் மண்டியிட்ட அரசர்களல்லவா? மன்னாரில் வழங்கிய ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ என்னும் நாடகத்தின் பெயரைக் கேட்டு மகன் சிரித்தான். எம்பரதோர் என்பது போர்த்துக்கேய மொழியிற் சக்கரவர்த்தியைக் குறிக்கும் சொல். எம்மரசனைப் பிடித்துச் சென்ற அதே மக்களின் மொழியிலிருந்து அரசன் என்னும் சொல்லை எடுத்து, எங்கள் கூத்துக்காரர் மத்தளத்துக்குப் பொருத்திக்கொண்டார்கள். இத்தகைய ஏட்டுப் பிரதிகள் அழியாவண்ணம் 1960களிலே பதிப்பித்து உதவியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் அவர். அவர் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய கூத்துகளுள் புகழ்பெற்றது இராவணேசன். அவனும் தோற்ற அரசனே.

“அதைத்தானே நானும் கேட்டனான்” என்றாள் மகள். விடை இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

நீர்வேலியிலிருந்து குறுக்கு வீதிகளாற் புன்னாலைக்கட்டுவனைத் தாண்டி, தெல்லிப்பழையிற் காங்கேசன்துறை வீதியை அடைந்தோம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிற் கோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. மா என்றால் குதிரை. குதிரை முகம் நீங்கப்பெற்ற ஊர் மாவிட்டபுரம். மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசிக்குக் குதிரை முகம் இருந்ததாம். கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அந்நோய் நீங்கி, நன்றிக்கடனாக இக்கோயிலைக் கட்டுவித்தாளாம். கீரிமலையிலே கீரி முகம் நீங்கப்பெற்ற நகுல முனிவரின் கதையும் உண்டு. கடலுக்கு ஒரு கைப்பிடிச் சுவர் தூரத்திலே, உப்புக் கரிக்காத நன்னீர் ஊறும் அக்கேணியில் மகன் ஆசைதீர நீந்தினான். “சித்தப்பா, என்ரை முகம் எப்பிடி?” என்று கேட்டான். “இன்னும் இரண்டு தரம் முழுகு” என்றாள் அக்காள்.

அரண்மனையிலிருந்த இளவரசியைக்கூட எம்மவர் நோயோடு வரச்செய்துதான் கதையில் ஏற்றுக்கொண்டனர் என்பது எமக்கு அப்பொழுது தோன்றிற்று.

பிற்பகலிலே காங்கேசன்துறைக்குச் சென்றோம். மயான காண்டத்தைப் பற்றி அறிய விரும்புவோர் இவ்வூருக்கே வரவேண்டும். இசை நாடகம் என்று இன்று சொல்லப்படும் கலை, தமிழகத்து நாடகக் குழுக்கள் கொண்டுவந்த மேடை மரபு. சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோரின் பாட்டுகள் ஆர்மோனியத்தோடும் மிருதங்கத்தோடும் இங்கே வந்து வேரூன்றின. அம்மரபிலே எல்லாருடைய மனத்தையும் கொள்ளைகொண்டவர் காங்கேசன்துறையில் வாழ்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). வசந்த கான சபா என்னும் குழுவை அமைத்து, ஊர் ஊராக அவர் அரிச்சந்திரனாக நின்ற இரவுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அரிச்சந்திரன் கதை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படுவது 1913இல் வெளிவந்த ராஜா அரிச்சந்திரா. சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்துத் தாம் உருகியதைக் காந்தியடிகள் தமது சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். ஆயினும் யாழ்ப்பாணத்தார்க்கு அரிச்சந்திரன் என்றால் வைரமுத்துவின் குரல்.

எமக்கு அறிமுகமான ஒரு முதியவர் அங்கே ஓர் ஒழுங்கையில் இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். இளமையில் நாடகங்களுக்குப் பிற்பாட்டுப் பாடியவர். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபோது இப்பகுதி மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. போர் முடிந்தபின் நிலங்கள் கட்டங் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. அவரும் தமது காணிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் திரும்பினார். பழைய வீடு இருந்த இடத்திற் கிணறு மாத்திரம் இருந்ததாம். இப்போது சிறியதொரு வீடு. முற்றத்தில் ஒரு வேம்பு. புதிதாக அடைத்த பனையோலை வேலி.

எம்மைக் கண்டதும், “வாங்கோ தம்பி, வாங்கோ” என்று திண்ணையிற் பாய் விரித்தார். மகள் சந்திரமதியாக நடிக்கப்போவதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

“மயான காண்டம் எண்டால் பின்னேரமே கோயில் வீதியிலை பாயைக் கொண்டுபோய்ப் போட்டிடுவம், மோனை. விடிய விடிய நடக்கும். பாம்பு கடிச்ச பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடலைக்கு வாறாள். அவன் காவல்காரன். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் வைச்சால்தான் பிணம் சுடலாம் எண்டுறான். தன்ரை பெண்சாதியெண்டு தெரியாது. தன்ரை பிள்ளையெண்டு தெரியாது. அவளின்ரை கழுத்திலை கிடக்கிற தாலி அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கண்டாப் பிறகுதான் விளங்குது. அந்த இடத்திலை பொம்பிளையள் விம்மிற சத்தம் மேடைக்குக் கேக்கும்.”

மகள் தன் கேள்வியை அவரிடமும் கேட்டாள். “அப்பு, தோத்த ராசாவை ஏன் பாடுறனாங்கள்?”

முதியவர் உடனே பதில் சொல்லவில்லை. வேலிக்கப்பால் நோக்கிக்கொண்டு சற்றிருந்தார்.

“சின்னனிலை எனக்கு ராகம்தான் பெரிசு, பிள்ளை. ஊரை விட்டு வெளிக்கிட்ட ராசாவின்ரை துக்கம் எனக்கு விளங்கேல்லை. தொண்ணூறிலை அடுப்பிலை வைச்ச உலையை இறக்காமல் வெளிக்கிட்டனாங்கள். அப்பதான் விளங்கினது. பாட்டுக் கொப்பி வீட்டோடை போட்டுது. கறண்டு இல்லை. ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடியள் டைனமோவைச் சுத்த, ரேப் றெக்கோடரிலை மயான காண்டம் கேப்பம். ரேப் அறுந்தாப் பிறகு என்னைப் பாடச் சொல்லுவினம். ராசாவே இப்பிடி நிண்டானெண்டால் நாங்கள் எம்மாத்திரம் எண்டு நினைக்க, மனம் கொஞ்சம் ஆறும். வெண்ட ராசாவைப் பாடி என்ன செய்யிறது? அவனுக்கு எங்களைத் தெரியாது.”

பின்பு மெல்லச் சொன்னார்: “இன்னொண்டு. அவன் நாட்டைக் குடுத்தான், சொல்லைக் குடுக்கேல்லை. அதாலைதான் அவன் இன்னும் ராசா.”

நாம் ஒன்றும் பேசவில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, அங்கிருந்த பழைய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. மாளிகை இடிந்தது, சுவடி எரிந்தது, பாட்டுக் கொப்பியும் போயிற்று. இவை யாவும் போனபின்பும் ஒரு திண்ணையிலே ஒரு முதியவரின் குரலிற் பாட்டு இருக்கிறது. இக்குரலும் ஓய்ந்தால் அதன்பின் எங்கே இருக்கும் என்னும் நினைவு எம்மைச் சுட்டது. பாட்டுக்குப் பரிசாகப் பெற்ற நாட்டிலே பாட்டு இல்லாமற் போனால், பெயர் மாத்திரம் எதற்கு?

“இப்ப நீ பாடு, பாப்பம்” என்றார் முதியவர்.

மகள் எழுந்து நின்று பாடினாள். காவலன் கூலி கேட்க, சந்திரமதி தன்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லும் இடம் வந்தபோது அவர் கையமர்த்தினார்.

“சுருதி சரி. ஆனால் கெதியாய்ப் பாடுறாய். கையிலை காசில்லாதவள் கெதியாய்ப் பேசமாட்டாள், மோனை. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னுக்கு அவளுக்கு வெக்கம் வரும். அந்த வெக்கத்துக்கு இடம் விட்டுப் பாடு.”

அவள் மறுபடியும் பாடினாள். அவர் தொடையிலே தாளம் தட்டிக்கொண்டு, இடையிடையே தாமும் குரல் கொடுத்தார். நடுங்கிய குரல்தான்; ஆயினும் வளைய வேண்டிய இடத்தில் வளைந்தது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மகள் தொலைபேசியை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினாள். அவர் சிரித்தார்.

“பிடி, பிடி. ஆனால் போனிலை பிடிச்சாப் போதாது. தொண்டையிலை பிடி. போனைப் பறிப்பினம்.”

நாம் விடைபெறும்போது சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. வந்து சொல்லித்தர முடியுமா என்று அவளுடைய பாடசாலைத் தோழியர் சார்பில் நாம் கேட்டோம். “வண்டி அனுப்பினால் வாறன். கூலி கால் பணம்” என்றார் அவர்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய ஒரு குரல் இருக்கக்கூடும். தாத்தாவோ பெரியம்மாவோ, அயல் வீட்டு அப்புவோ, ஒரு கூத்தின் நாலு தருவையேனும், ஒரு நாடகத்தின் ஒரு விருத்தத்தையேனும் மனத்திலே வைத்திருப்பார்கள். யாரும் கேளாதபடியாற் பாடாதிருப்பார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு அவர்களருகே சென்று அமருங்கள். மாணவ மாணவியர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபின் பாடியும் பழகுங்கள். பாட்டுக்கு ஏடு ஒரு பெட்டி. தொண்டையே அதன் வீடு.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. வாகனத்தின் பின் ஆசனத்திலே மகள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு வந்தாள். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னே ஒரு சிறு மௌனம் இருந்தது. நல்லூர் வீதியின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது அவள் பாட்டை நிறுத்தி, அரைத்தூக்கத்திலிருந்த தம்பியைத் தட்டி எழுப்பினாள்.

“தம்பி, நீ அரிச்சந்திரன். என்னட்டைக் கூலி கேளடா.”

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கையை நீட்டி, “கால் பணம்” என்றான்.